பி.வோக் மென்பொருள் உருவாக்கம்: மூன்று வருடப் படிப்பு, ஒரு வருட வேலைக்குப் பிறகு

2022இல் சேர்ந்தபோது வீட்டில் யார் வாயிலும் படிப்பின் பெயர் நுழையவில்லை. "பி.வோக்கா? இது என்ன புதுப் போக்கா இருக்கு" என்றார் பெரியப்பா. திருமங்கலத்தில் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள் நான். எனக்கும் பெரிதாக ஒன்றும் தெரியாது. பி.சி.ஏ.வில் இடம் கிடைக்கவில்லை, இதில் கிடைத்தது, அவ்வளவுதான்.

பி.வோக் என்றால் பேச்சிலர் ஆஃப் வொகேஷன், அதாவது தொழில்திறனுக்கான இளநிலைப் பட்டம். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2014இல் கொண்டுவந்த திட்டம் இது. 60 சதவீதம் தொழில்திறன், 40 சதவீதம் பொதுப் பாடம். ஒரு வருடத்தோடு நின்றால் டிப்ளமோ, இரண்டு முடித்தால் அட்வான்ஸ்டு டிப்ளமோ, மூன்றும் முடித்தால் பட்டம். எங்கள் வகுப்பில் ஒருத்தி கல்யாணம் ஆகி இரண்டாம் வருடத்தோடு நின்றுவிட்டாள். படித்த படிப்புக்கு ஒரு சான்றிதழாவது அவள் கையில் இருக்கிறது.

அந்த 60 சதவீதம் காகிதத்தில் இருப்பது போல நடக்காது. முதல் வருடம் லேப்பில் ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். ஒருத்தி ப்ரோகிராமைத் தட்டச்சு செய்ய, இன்னொருத்தி ரெக்கார்டு நோட்டில் அதையே பேனாவால் எழுதிக்கொண்டிருப்பாள். செமிகோலனை மையில் எழுதி யாருக்கு என்ன லாபம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வந்தது. டவுன் பஸ்ஸில் டிக்கெட் செலவும் இல்லை. மிச்சம் பிடித்து, இரண்டாம் வருடம் பழைய லேப்டாப் ஒன்று வாங்கினேன். உண்மையில் படிக்க ஆரம்பித்தது அதற்கு அப்புறம்தான்.

கடைசி வருட ப்ராஜெக்ட்டுக்குப் பலரும் லைப்ரரி மேனேஜ்மென்ட் என்று ஆயத்தமாகக் கிடைப்பதை எடுத்தார்கள். நான் மதுரை கீழமாசி வீதியில் அப்பாவுக்குப் பழக்கமான மளிகை மொத்தக் கடைக்கு பில் போடும் மென்பொருள் செய்தேன். சரக்கை மூட்டைக் கணக்கில் முழு எண்ணாக வைத்திருந்தேன். கடைக்கார அண்ணாச்சியோ துவரம்பருப்பை அரை மூட்டையாகவும் கொடுப்பார், ஐந்து கிலோ சில்லறையாகவும் நிறுப்பார். முதல் நாளே இருப்பு தாறுமாறானது. எல்லாவற்றையும் கிராமுக்கு மாற்றி எழுதினேன்.

அடுத்த வாரம், "என்னம்மா, கணக்குல ஒரு பைசா இடிக்குதே?" என்றார். ஒரு பைசாதானே என்று விட அவர் தயாராக இல்லை. ஜாவா மொழியில் விலையை, புள்ளி வைத்த எண்களுக்கான டபுள் வகையில் வைத்திருந்தேன். அதில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும், ஏனென்றால் 0.1ஐ கம்ப்யூட்டர் பயன்படுத்தும் இரும எண்ணில் மிச்சமில்லாமல் எழுத முடியாது. இதே பாடத்தில் நான் 82 மார்க் வாங்கியிருந்தேன்! விலையைப் பைசாவாக, முழு எண்ணாக மாற்றியதும் கணக்கு சரியானது. இன்று அலுவலகத்தில் பணம் சம்பந்தப்பட்ட எதைத் தொட்டாலும் அண்ணாச்சி முகம்தான் முன்னால் வந்து நிற்கிறது.

பயிற்சிக்குப் போன இடம் அப்படி இல்லை. அந்தச் சின்ன நிறுவனத்தில் இரண்டு மாதமும் எக்செல்லில் முகவரிகளை ஏற்றியதுதான் வேலை. கையெழுத்துப் போட்டுச் சான்றிதழ் மட்டும் கேட்காமலே கொடுத்தார்கள். புகார் செய்திருக்கலாம், மார்க் போய்விடுமோ என்று பயந்து வாயைத் திறக்கவில்லை.

வேலை தேடும்போது பட்டத்தின் பெயர்தான் பாடாய்ப் படுத்தியது. ஒரு விண்ணப்பத்தில் பி.இ., பி.எஸ்சி., பி.சி.ஏ. மூன்றைத் தவிர வேறு பட்டமே இல்லை. இன்னொரு இடத்தில் இது அஞ்சல் வழிப் படிப்பா என்று கேட்டார்கள். கடைசியில் எடுத்துக்கொண்டவர்கள் பட்டத்தைப் பற்றிப் பேசவே இல்லை. ப்ரோகிராம்களை ஏற்றி வைக்கும் கிட்ஹப் தளத்தில் கடை ப்ராஜெக்ட்டைத் திறந்து வைத்து அரை மணி நேரம் கேள்வி கேட்டார்கள். அலுவலகம் மதுரையிலேயே இலந்தைக்குளம் பக்கம், சம்பளம் மாதம் 14,000 ரூபாய். சென்னைக்குப் போன தோழிகள் கூடுதலாக வாங்குகிறார்கள், ஆனால் பாதி வாடகைக்கே போகிறது என்று புலம்புகிறார்கள்.

சித்தி மகள் இந்த வருடம் இதே படிப்பில் சேரலாமா என்று கேட்கிறாள். மேற்படிப்புக்கோ அரசுத் தேர்வுக்கோ போகும் எண்ணம் இருந்தால், அங்கே இந்தப் பட்டத்தை எந்தப் பாடமாக எடுத்துக்கொள்வார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கச் சொன்னேன். அப்புறம், கல்லூரி லேப்பை நேரில் போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். காலையில் போகாதே, மதியம் இரண்டு மணிக்குப் போ, அப்போதுதான் ஒரு கம்ப்யூட்டருக்கு எத்தனை பேர் என்று தெரியும் என்றேன்.