10 ரூபாய் ஸ்டாம்பும் ஒரு சிமெண்ட் ரோடும்: பேரூராட்சியில் ஆர்டிஐ போட்ட அனுபவம்

மிக்ஸிக்கும் செல்போனுக்கும் பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதுகிறோம், 10 ரூபாய் கொடுத்து அரசாங்கத்திடம் வாங்கும் ஒரு சேவைக்கு யாரும் எழுதக் காணோமே என்று தோன்றியதால் இது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் (அதுதான் ஆர்டிஐ) எங்கள் பேரூராட்சிக்கு (ஊர்ப்பெயர் வேண்டாம், நான் இன்னும் அங்கேதான் வீட்டு வரி கட்ட வேண்டும்) ஒன்றரை வருடத்தில் ஐந்து மனு போட்டிருக்கிறேன். மொத்தமாகப் பார்த்தால் 5க்கு 3. தபாலில் வரும் பதிலுக்கு மட்டும் என்றால் 2தான் தருவேன். ஆபீசுக்கே போய்க் கோப்பை விரித்து வைத்துப் பார்க்கிற வசதிக்கு நாலரை. எனக்குத் தெரிந்து ஆர்டிஐ போடுகிற யாரும் அந்த வசதியைத் தொட்டதே இல்லை, அதற்காகத்தான் இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

விஷயம் சின்னது. எங்கள் தெருவில் சிமெண்ட் ரோடு போட்டார்கள், நாலாவது மாதமே குறுக்கே விரிசல், ஆறாவது மாதம் ஓரமெல்லாம் ஜல்லி பெயர்ந்து செருப்பில் குத்துகிறது. கவுன்சிலரிடம் சொன்னோம், "பார்க்கலாம்ணே" என்றார். எதிர்வீட்டு மாமா ஒரு நாள் சாயங்காலம், "நீதான் படிச்சவனாச்சே, ஒரு ஆர்டிஐ போடேன்" என்று கிளப்பிவிட்டார். கிளப்பிவிட்டவர் இன்றுவரை ஒரு காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை என்பது வேறு கதை.

வாங்குவது எளிது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் இதற்கென்று படிவம் கிடையாது, வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். ஸ்டாம்ப் விற்பவர் 12 ரூபாய் வாங்கினார், சரி, அது அவர் பிழைப்பு. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அந்த 10 ரூபாயும் வேண்டாம், சான்று வைத்தால் போதும். எதற்காகக் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்கக் கூடாது, 6(2) பிரிவிலேயே இருக்கிறது. ஆனால் கேட்பார்கள். என் மனு போன நாலாம் நாள் போன் வந்தது. "சார், எதுக்கு சார் இதெல்லாம், நேர்ல வாங்க, பேசிக்கலாம்." எழுத்தில் கேட்டிருக்கிறேன், எழுத்திலேயே கொடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்கு அடுத்த வாரம் காண்ட்ராக்டர் பக்கத்து ஆள் ஒருவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, "தம்பி, உங்கப்பாவை எனக்கு நல்லாத் தெரியும்" என்று ஆரம்பித்தார். மிரட்டல் என்று சொல்ல முடியாது, காபி குடித்துவிட்டுத்தான் போனார். இருந்தாலும் என் மனு அவர் கைக்கு எப்படிப் போனது என்று அன்று ராத்திரி முழுக்க யோசனை. சின்ன ஊரில் இதற்கெல்லாம் தயாராக இருந்துகொள்ளுங்கள்.

முதல் மனு சொதப்பல், தப்பு என்மேல். பதினான்கு கேள்வி எழுதியிருந்தேன், பாதிக்கு மேல் "ஏன்". ரோடு ஏன் தரமாக இல்லை, ஏன் இன்னாருக்கே ஒப்பந்தம், ஏன் கண்காணிக்கவில்லை. சரியாக 29ஆம் நாள் ஒரு பக்கப் பதில்: கேட்டவை கேள்வி வடிவில் இருப்பதால் பிரிவு 2(எஃப்)ன்படி தகவல் ஆகாது. கோபம் வந்தது, ஆனால் அவர்கள் சொன்னது சட்டப்படி சரி. ஆபீசில் ஏற்கெனவே காகிதமாக, கோப்பாக, கணினியில் பதிவாக இருப்பதைத்தான் இந்தச் சட்டத்தில் வாங்க முடியும். விளக்கம், காரணம், அபிப்பிராயம் எல்லாம் புதிதாக எழுதித் தரவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை, உச்ச நீதிமன்றமும் 2011ல் சிபிஎஸ்இ விடைத்தாள் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் கடையில் "நல்ல சாமானாக் கொடுங்க" என்று பொதுவாகக் கேட்காமல் என்ன சாமான், எத்தனை கிலோ என்று சொல்கிற மாதிரி கேட்க வேண்டும்.

29ஆம் நாள் என்பதும் தற்செயல் இல்லை. 30 நாளைத் தாண்டினால் நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம், அதுவும் ஆபீஸ் பணத்தில் இல்லை, பதில் தரவேண்டிய அலுவலரின் சொந்தப் பணத்தில். தகவல் ஆணையம் அதைப் போடுகிறதா இல்லையா என்பது அப்புறம், அந்த ஒரு பிரிவு இருப்பதால்தான் காகிதம் மேசையை விட்டு நகர்கிறது. தமிழ்நாடு 1997லேயே தகவல் உரிமைக்குத் தனிச் சட்டம் போட்ட மாநிலம், நாட்டிலேயே முதலில். ஆனால் அதில் விதிவிலக்குப் பட்டியல்தான் நீளம், ஊரில் யாருக்கும் அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. 2005 சட்டம்தான் ஓடுகிற வண்டி.

இரண்டாவது மனுவுக்கு முன்னால் பொதுப்பணித்துறையில் ஓய்வு பெற்ற ஒரு சித்தப்பாவிடம் உட்கார்ந்து பாடம் கேட்டேன். ஒரு ரோடு போட்டால் ஆபீசில் என்னென்ன காகிதம் பிறக்கும் என்று வரிசையாகச் சொன்னார்: மன்றத் தீர்மானம், நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, மதிப்பீடு, டெண்டர் ஒப்பீட்டுப் பட்டியல், வேலை உத்தரவு, எம் புக், பில், தரப் பரிசோதனை அறிக்கை. "எல்லாத்தையும் விட எம் புக்கைக் கேளுடா, அதுலதான் உயிர் இருக்கு" என்றார். எம் புக் என்பது அளவுப் புத்தகம். வேலை முடிந்ததும் ஜேஇ (இளநிலைப் பொறியாளர்) நேரில் வந்து டேப் பிடித்து நீளம், அகலம், கனம் அளந்து எழுதுவார், மேலதிகாரி சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார், அந்தக் கணக்கை வைத்துத்தான் காண்ட்ராக்டருக்குப் பணம் போகும். இந்த வரிசையை அப்படியே எழுதி, தெருப்பெயர், நிதியாண்டு போட்டு, "சான்றிட்ட நகல் வேண்டும்" என்று கேட்டேன். ஒரு "ஏன்" கூட இல்லை.

இம்முறை மரியாதை கூடிவிட்டது. மூன்று வாரத்தில் கடிதம்: 43 பக்கம், பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் 86 ரூபாய் கட்டவும். இதில் ஒரு நுணுக்கம், அந்தக் கடிதம் அனுப்பிய நாளிலிருந்து நீங்கள் பணம் கட்டும் நாள்வரை 30 நாள் கணக்கு ஓடாது. அதனால் ஆற அமரப் போகாமல் மறுநாளே போய்க் கட்டி ரசீது வாங்கிவிடுங்கள். வந்த நகல்களைப் பற்றிச் சொன்னால் சிரிப்பு வரும். மதிப்பீடு பளிச்சென்று இருக்கிறது, டெண்டர் பட்டியல் பரவாயில்லை, எம் புக் பக்கம் மட்டும் ஜெராக்ஸ் மெஷினில் மை தீர்ந்த நாளில் எடுத்த மாதிரி சாம்பல் நிறத்தில் மங்கிப்போய் இருந்தது. மூன்று பக்கம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு. தபாலில் வரும் பதிலுக்கு நான் 2 நட்சத்திரம் கொடுத்ததற்கு இதுதான் காரணம். பொய் சொன்னார்கள் என்று சொல்ல முடியாது, கொடுத்துவிட்டார்கள், ஆனால் பயன்படாத மாதிரி கொடுத்துவிட்டார்கள்.

அங்கேதான் சித்தப்பா 2(ஜே)யைக் காட்டினார். தகவல் உரிமை என்றால் நகல் வாங்குவது மட்டும் இல்லை, ஆவணத்தை நேரில் பார்வையிடலாம், குறிப்பு எடுக்கலாம், நடக்கிற வேலையையே போய்ப் பார்க்கலாம், பொருளின் சான்றிட்ட மாதிரியைக் கூட வாங்கலாம். பார்வையிட முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமே இல்லை. மூன்றாவது மனுவில் இரண்டு வரிதான் எழுதினேன்: மேற்படி பணியின் கோப்பையும் அளவுப் புத்தகத்தையும் நேரில் பார்வையிட நாள், நேரம் ஒதுக்கித் தரவும். 30 நாளும் சத்தமே இல்லை. நகல் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள், வந்து பார்க்கிறேன் என்றால் கை நடுங்குகிறது போல. முதல் மேல்முறையீடு போட்டேன். இதற்குத் தமிழ்நாட்டில் ஸ்டாம்ப் கூட வேண்டாம். எங்களுக்கு மேல்முறையீட்டு அலுவலர் மாவட்டத்தில் இருக்கும் உதவி இயக்குநர். அவருக்கு 30 நாள், காரணம் எழுதி வைத்தால் 45 வரை நீட்டிக்கலாம். அதற்குள் அவர் போட்ட ஒரு வரி உத்தரவு இங்கே இறங்கி, செவ்வாய்க்கிழமை 11 மணிக்கு வாருங்கள் என்று கடிதம் வந்தது.

போனேன். ஒரு மூலையில் மேசை, மேலே பேனா கட்டிய கயிறு மட்டும், பேனா இல்லை. உதவியாளர் அம்மா கோப்பைக் கொண்டுவந்து, டேக் முடிச்சை அவிழ்க்காமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டே, "சார் டீ சாப்பிடுறீங்களா" என்றார். மோசமானவர் இல்லை, பாவம், நாலு பேர் வேலையை ஒருவர் பார்க்கிறார், பிறப்புச் சான்று கேட்டு வந்த பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். எம் புக் கெட்டி அட்டை போட்டது, பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சிட்டிருக்கிறது, அதனால் தாளைக் கிழித்தால் தெரிந்துவிடும். எனக்கு வராத அந்த மூன்றாவது பக்கம் அங்கே சமர்த்தாக இருந்தது. நீளம் 142 மீட்டர், அகலம் 3, கனம் 0.15. அதாவது கான்கிரீட் 15 சென்டிமீட்டர். மாதிரி அளவு எடுத்த இடங்கள் என்று மூன்று வரி, மூன்றிலும் அதே 0.15, ஒரு மில்லிமீட்டர் பிசகில்லை, ஒரே பேனா, ஒரே சாய்வு. கொத்தனார் கையால் போடுகிற ரோடு மூன்று இடத்தில் அச்சு வார்த்த மாதிரி ஒரே கனம் வருமா?

அந்தப் பக்கத்தின் நகலைக் கேட்டேன். 2 ரூபாய் என்றார். 30 நாள் தாண்டிவிட்டதால் 7(6)ன்படி இலவசம் என்று சொன்னேன், உள்ளே போய் இஓவிடம் (செயல் அலுவலர்) கேட்டுவிட்டு வந்து ஒன்றும் பேசாமல் எடுத்துக் கொடுத்தார். இந்த முறை எழுத்து பளிச்சென்று விழுந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, பையனின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுத்துக்கொண்டு தெருக்கோடிக்குப் போனேன். அங்கே ஒரு வீட்டுக்காரர் தண்ணீர் இணைப்புக்காக ரோட்டை உடைத்திருந்தார், வெட்டுமுகம் அப்படியே தெரியும். ஸ்கேலை நட்டேன். 11 சென்டிமீட்டர். இன்னொரு ஓரத்தில் பத்தரை. போட்டோ எடுத்துக்கொண்டேன். எதிர்வீட்டு மாமா குனிந்து பார்த்துவிட்டு, "நாலு சென்டிமீட்டர் எங்கடா போச்சு" என்றார், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு 90களில் கேட்டதும் இதே மாதிரி காகிதங்களைத்தான்: பஞ்சாயத்து வேலைகளின் கூலிப் பட்டியல், பில், வவுச்சர். 1994லிருந்து ஊர் நடுவில் கூட்டம் போட்டு அவற்றை உரக்கப் படித்தார்கள், வேலையே செய்யாதவர் பெயரில் கூலி எழுதியிருந்ததெல்லாம் அப்படித்தான் வெளியே வந்தது. சட்டம் பிறந்ததே உள்ளூர்க் கணக்கிலிருந்துதான், அதனால் டெல்லிக்கு மனு போடுவதைவிட இஓ ஆபீசுக்குப் போடுவதுதான் இதன் சரியான பயன்பாடு என்பது என் அபிப்பிராயம்.

மற்ற குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாலாவது மனு ஓடைப் புறம்போக்கு பற்றியது, "இது வருவாய்த்துறை சார்ந்தது, அங்கே விண்ணப்பிக்கவும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 6(3)ன்படி அவர்களே ஐந்து நாளுக்குள் உரிய துறைக்கு அனுப்ப வேண்டும், எனக்கு மறுபடி அலையச் சலிப்பாக இருந்ததால் விட்டுவிட்டேன். அடுத்தவர் வரி பாக்கி, ஊழியர் விடுப்பு மாதிரி விஷயங்களை, தனிப்பட்ட தகவலுக்கு விலக்குத் தரும் 8(1)(ஜே) பிரிவைச் சொல்லி மறுப்பார்கள். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிரிவில் இருந்த பொதுநலன் வாசகத்தை எடுத்துவிட்டதால் இனி இந்த மறுப்பு கூடத்தான் செய்யும். பொதுநலன் என்று வாதிட 8(2) இன்னும் இருக்கிறது, மனுவிலேயே அதைக் குறிப்பிட்டுவிடுங்கள். இரண்டாம் மேல்முறையீட்டுக்குச் சென்னையில் இருக்கும் மாநிலத் தகவல் ஆணையம். அங்கே போக உங்களுக்கு 90 நாள் கெடு, ஆணையம் முடித்துத் தரச் சட்டத்தில் கெடுவே இல்லை. நான் அதுவரை போகவில்லை.

ஐந்தாவது மனுவில், அதே 2(ஜே)யைச் சொல்லி, எங்கள் தெரு ரோட்டில் மூன்று இடத்தில் கான்கிரீட் மாதிரி எடுத்துச் சான்றிட்டுத் தரவேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அது போய் இன்றோடு 19 நாள். பதில் இன்னும் வரவில்லை, ஆனால் போன வாரம் காலையில் எழுந்து பார்த்தால் தெருக்கோடியில் உடைந்து கிடந்த அந்த ஓரத்தை மட்டும் புது சிமெண்ட் பூசி மூடியிருக்கிறார்கள், மேலே ஈரச் சாக்கு கூடப் போட்டிருந்தது. ஸ்கேலோடு எடுத்த போட்டோ என் போனில் பத்திரமாக இருக்கிறது.