லீடிங் லேடீஸா, சோண்ட்ஹைம் பர்த்டேயா?

பிராட்வேன்னா நியூயார்க்ல நடக்குற பாட்டு நாடகங்கள். அந்தப் பாட்டுங்களுக்கு டிவில வந்த கச்சேரில ரெண்டை இங்க ஒப்பிடுறேன், ரெண்டுமே நியூயார்க்ல நடந்து அமெரிக்காவோட பிபிஎஸ் சேனல்ல வந்தது. 1998ல கார்னகி ஹால்ல எடுத்த 'மை ஃபேவரிட் பிராட்வே: தி லீடிங் லேடீஸ்' ஒண்ணு, 2010ல பிராட்வே பாடலாசிரியரும் இசையமைப்பாளருமான ஸ்டீபன் சோண்ட்ஹைமோட 80வது பிறந்தநாளுக்கு நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா வாசிச்சது இன்னொண்ணு.

வெரைட்டி வேணும்னா முதல் ஒண்ணுதான். லைசா மினெல்லி, ஜெனிஃபர் ஹாலிடேன்னு பெரிய தலைங்க, ஒவ்வொருத்தரும் வேற வேற ஷோ, வேற வேற காலத்துப் பாட்டு. தொகுத்து வழங்குனது 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்துல பாடி நடிச்ச ஜூலி ஆண்ட்ரூஸ், 1997ல தொண்டைல ஆபரேஷன் ஆகி அந்தக் குரலே போச்சு, அப்படியும் அந்த மேடைல நின்னு மத்தவங்களை முகம் மலர கூப்பிடுறதைப் பாத்தா மனசு என்னவோ பண்ணுது.

ஆனா எனக்கு 2010தான் ஒசத்தி. முழுக்க சோண்ட்ஹைம் ஒருத்தரோட பாட்டுதான், ஆண்களும் பாடுறாங்க, ஆனா சிவப்பு டிரஸ்ல ஆறு பாடகிங்க வரிசையா உக்காந்து ஒவ்வொருத்தரா எழுந்து பாடுற அந்தப் பகுதி இருக்கே, அது ஒண்ணே போதும்! சோண்ட்ஹைம் எழுதுன 'தி லேடீஸ் ஹூ லஞ்ச்' 1970ல இருந்தே பிராட்வே நடிகை எலெய்ன் ஸ்ட்ரிட்ச் பேர் சொல்ற பாட்டு, 1998 கச்சேரிலயும் அவங்கதான் பாடுனாங்க. இங்க அதை இன்னொரு பிராட்வே நடிகை பேட்டி லுபோன் பாடுறாங்க, ஸ்ட்ரிட்ச் அங்கயே தொப்பியோட உக்காந்திருக்காங்க, இன்னமும் யாராவது தொப்பி போடுறாங்களான்னு கேக்குற வரி வந்ததும் லுபோன் அப்படியே அவங்க பக்கம் திரும்புறாங்க பாருங்க, அரங்கமே அதிருது. அப்புறம் ஸ்ட்ரிட்ச்சே எழுந்து பாடுறாங்க, 85 வயசுல.

புதுசா பிராட்வே கேக்குறவங்க 1998ல ஆரம்பிங்க, அந்த ஸ்ட்ரிட்ச்சைக் கேட்டுட்டு 2010க்கு வாங்க.