பாலேக் கறுப்புப் பெட்டி: காசுக்குத் தகுந்த சரக்குதானா?

வெளியே கறுப்பு, உள்ளே சிவப்பு, மூடியில் தங்கக் கோடு இழைத்த ஓவியம். பாய்ந்து வரும் மூன்று குதிரை வண்டியாகவோ நெருப்புப் பறவையாகவோ புஷ்கின் கதைக் காட்சியாகவோ அது இருக்கும். ரஷ்யாவில் நினைவுப் பொருள் விற்கும் எந்தக் கடையிலும் இந்தப் பெட்டி கண்ணில் படும், எதைக் கேட்டாலும் ‘பாலேக்’ என்றுதான் சொல்வார்கள். உண்மையான பாலேக் பெட்டி கொடுத்த காசுக்குக் குறைவில்லாத பொருள். ஆனால் பாலேக் என்பது ஓர் ஊரின் பெயர், அந்தப் பெயரில் விற்பவற்றில் பல அந்த ஊர் எல்லையையே மிதித்ததில்லை. எது எதென்று பிரித்தறிய, ஊரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

இவானொவோ நகரிலிருந்து கிழக்கே சாலை வழியாக 65 கிலோமீட்டர் போனால் பாலேக். அரசுக் கணக்கில் அது இப்போது சிறு நகர்ப்புறக் குடியிருப்பு, பார்வைக்குக் கிராமம்தான். சுமார் ஐயாயிரம் பேர், மர வீடுகள், பாலேஷ்கா என்ற சிற்றாறு, ஒரு மேட்டில் வெள்ளைத் தேவாலயம். ரயில் கிடையாது, கிட்டத்திலுள்ள நிலையம் மேற்கே 30 கிலோமீட்டரில் இருக்கும் ஷூயா. வோல்காவுக்கும் கிளியாஸ்மாவுக்கும் இடைப்பட்ட இந்த நிலப்பகுதியில் மண் சத்தில்லாதது, குளிர்காலம் நீளம். நிலத்தை மட்டும் நம்பினால் வயிறு நிறையாது. பாலேக் மக்கள் புதுர்லின் குடும்பத்தின் பண்ணையடிமைகளாக இருந்தவர்கள். எஜமானுக்குக் கட்ட வேண்டிய வரியைப் பணமாகக் கட்ட, 17-ஆம் நூற்றாண்டிலிருந்தே ஐகான் எனப்படும் திருவுருவப் படங்களை வரைந்தார்கள். இந்தப் பக்கத்துத் தலைச்சுமை வியாபாரிகள் அவற்றை ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றார்கள்.

வரைபடத்தை எடுத்து பாலேக்கிலிருந்து நேர் தெற்கே கோடு கிழித்தால், 50 கிலோமீட்டருக்குள் ஹோலுய், ம்ஸ்த்யோரா என்று இன்னும் இரண்டு ஊர்கள் வரும். மூன்றும் பழைய விளாதிமிர் மாகாணத்தின் ஒரே மாவட்டத்தில் இருந்தவை, மூன்றுக்கும் ஐகான்தான் தொழில். ஹோலுய் மலிவாக, வேகமாக, ஏராளமாக வரைந்தது. ம்ஸ்த்யோரா பழைய பாணியை அச்சு அசலாகத் திரும்ப வரைவதில் கெட்டி. பழைய சடங்குகளை விடாத கிறிஸ்தவர்கள் அதன் வாடிக்கையாளர்கள். பாலேக் மெதுவாக, நுணுக்கமாக, விலை கூட்டி வரைந்தது. 1882-இல் மாஸ்கோ கிரெம்ளினின் கிரானோவித்தயா மாளிகைச் சுவர்களை மறுபடி தீட்டக் கூப்பிட்டது பாலேக்கின் பெலொவூசொவ் சகோதரர்களைத்தான்.

1917-க்குப் பிறகு சாமி படத்துக்குச் சந்தை போய்விட்டது. கை பழகியவர்கள் மரக்கரண்டிக்கும் பொம்மைக்கும் வர்ணம் அடித்தார்கள், சிலர் வயலுக்குத் திரும்பினார்கள். மாஸ்கோவின் கைவினை அருங்காட்சியகத்தில் ஃபெதோஸ்கினோ ஊர் அரக்குப் பெட்டிகளைப் பார்த்த பாலேக் ஐகான் ஓவியர் இவான் கோலிகொவ், அதே கறுப்புப் பரப்பில் ஐகான் முறையில் முட்டை வர்ணத்தால் தீட்டிப் பார்த்தார். 1924 டிசம்பரில் ஏழு பேர் சேர்ந்து கூட்டுறவுப் பட்டறை தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம். பட்டறைதான் புதிது, கைவேலைக்கு வயது இருநூறுக்கு மேல்.

இனி சரக்கைப் பார்ப்போம். பெட்டி மரமல்ல, காகிதக்கூழும் அல்ல. அட்டைப் பட்டைகளை மாவுப் பசை தடவி ஒரு மரக்கட்டையின் மேல் அடுக்கடுக்காகச் சுற்றி, அழுத்திப் பிழிந்து, வாரக்கணக்கில் உலர விடுவார்கள். பிறகு சூடான ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்து, சுமார் 100 டிகிரி அடுப்பில் நாள்கணக்கில் காய வைப்பார்கள். அப்போதுதான் அட்டை மரம்போல இறுகி, ரம்பத்துக்கும் அரத்துக்கும் வசப்படும். இந்த உலர்த்தலில் அவசரப்பட்டால் வாங்கும்போது தெரியாது. ஓராண்டு கழித்து மூடி வளைந்து ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிற்கும். அதனால் படத்தைப் பார்க்கும் முன் மூடியைப் பாருங்கள். நாலு பக்கமும் ஒரே மாதிரி உட்கார வேண்டும், திறக்கும்போது சிறு பிடிப்பு இருக்க வேண்டும், கையில் எடுத்தால் அளவுக்கு மீறி லேசாக இருக்க வேண்டும். கனத்தால் மரமோ அழுத்திய மரத்தூளோ என்று சந்தேகப்படலாம்.

காய்ந்த பெட்டிக்குச் செம்மண், புகைக்கரி, எண்ணெய் கலந்த அடிப்பூச்சு. ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பின் நுரைக்கல்லால் தேய்ப்பு. அதன்மேல் வெளியே கறுப்பு அரக்கு, உள்ளே சிவப்பு. ஓவியர் கைக்கு வருவது இதன் பிறகுதான். முட்டை மஞ்சள் கருவில் வினிகர் கலந்து அதில் வர்ணப்பொடியைக் குழைப்பார்கள். தூரிகை அணில் முடி. கறுப்பின் மேல் நேராக வர்ணம் வைத்தால் அது விழுங்கிவிடும். எனவே உருவங்களை முதலில் வெள்ளையால் நிரப்பி, அதன்மேல் நீர்த்த வர்ணத்தைப் பல மெல்லிய அடுக்குகளாக ஓட விடுவார்கள். வெள்ளை தடித்தால் பின்னால் வெடிக்கும், மெலிந்தால் அரக்கு ஏறியதும் நிறம் செத்துப்போகும். நல்ல வேலையில் ஒரு சிவப்புச் சட்டைக்குள்ளேயே மூன்று நாலு ஆழம் தெரியும். மட்ட வேலையில் சிவப்பு என்றால் ஒரே சிவப்பு.

வர்ணத்துக்கு மேல் ஒரு பூச்சு அரக்கு, அப்புறம் தங்கம். தங்க ரேக்கைப் பிசினோடு விரலால் அரைத்து, மிக மெல்லிய தூரிகையில் கோடு இழைப்பார்கள். வைத்தவுடன் அது மங்கலாகத்தான் இருக்கும். ஓநாய்ப் பல்லால் தேய்த்த பிறகே மின்னும். பல் வழவழப்பு, இரும்பைப்போலக் கீறாது. கடைசியில் ஏழு பூச்சு வரை நிறமில்லா அரக்கு, நடுநடுவே அடுப்பு, முடிவில் மெருகு. கைப்பெட்டி ஒன்று வாரக்கணக்கில் இழுப்பது இதனால்தான். ‘கையால் வரைந்தது’ என்று சொல்லி மிக மலிவாகக் கொடுத்தால், அந்த விலையே ஒரு பதில்.

போலியைப் பிடிக்க நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் போதும். படம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சு. காகிதத்தை ஒட்டி மேலே அரக்கு பூசியிருக்கிறார்கள். இதைவிடத் தந்திரமானது அச்சுப் படத்தின் மேல் சில கோடுகளை மட்டும் கையால் இழுத்தது. தங்கக் கோடு உண்மையாக இருப்பதால் ஏமாந்துவிடுவோம்; முகத்தையும் மர இலையையும் பார்த்தால் புள்ளி காட்டிக்கொடுக்கும். தங்கத்துக்குப் பதில் வெண்கலப் பொடி போட்டால் பழுப்பேறிய மினுக்கு, கோடும் தடிமன். உண்மைத் தங்கக் கோடு தொடக்கத்தில் ஒடுங்கி, நடுவில் அகன்று, முடிவில் மறுபடி ஒடுங்கும்.

ஊர்ப் பெயரும் ஓவியர் பெயரும் பெட்டியில் தங்கத்தில் எழுதியிருக்கும். அதை மட்டும் நம்ப வேண்டாம். சோவியத் காலத்தில் பட்டறை ஒன்றாக இருந்தது. பின்னர் அது பல சிறு பட்டறைகளாகவும் தனி ஓவியர்களாகவும் பிரிந்துவிட்டது. எல்லாருக்கும் பொதுவான ஒரே முத்திரை கிடையாது. ஊர்ப் பெயரை யாரும் எழுதலாம், கோடு இழைக்கத்தான் வராது.

‘பாலேக்’ என்று சொல்லி அண்டை ஊர்ச் சரக்கைத் தருவதும் உண்டு. அது மோசடிதான், ஆனால் மட்டச் சரக்கு என்று பொருளல்ல. ம்ஸ்த்யோராவில் பின்புலம் கறுப்பாக நில்லாமல் வெளிர்நிற நிலக்காட்சியாக விரியும், தங்கம் குறைவு. ஹோலுய் இரண்டுக்கும் நடுவில். மாஸ்கோவுக்கு வடக்கே இருக்கும் ஃபெதோஸ்கினோ இனமே வேறு: எண்ணெய் வர்ணம், இயல்பான முகங்கள், சில இடங்களில் அடியில் முத்துச்சிப்பி. தங்கக் கோடு வேண்டாம், முகபாவம்தான் வேண்டும் என்பவர்கள் அதை வாங்கலாம்.

எந்த அளவு வாங்குவது? பெரிய பெட்டியில் போர்க்களம் முழுக்க நாற்பது உருவம் என்றால் விலை எகிறும். விலையைக் குறைத்தால் உருவங்கள் கெடும். அதே காசுக்கு ஒன்றிரண்டு உருவம் மட்டும் உள்ள சின்னப் பெட்டியோ மார்பில் குத்தும் ஊசியோ நல்ல கையால் கிடைக்கும். முதல் தடவை வாங்குபவருக்கு அதுவே சரி.

நேரில் போக முடிந்தால் இன்னும் நல்லது. மாஸ்கோவிலிருந்து இவானொவோவுக்கு லாஸ்தொச்கா ரயிலில் சுமார் நாலு மணி நேரம், அங்கிருந்து பேருந்து. 1935-இல் திறந்த பாலேக் கலை அருங்காட்சியகத்தை முதலில் பாருங்கள், கடைக்கு அப்புறம் போங்கள். கோலிகொவின் குதிரைகளைக் கண்ணாடிக்குப் பின்னால் அரை மணி நேரம் பார்த்த கண்ணுக்கு மட்ட வேலை தானாகவே உறுத்தும். 1774-இல் கட்டி முடித்த திருச்சிலுவைத் தேவாலயத்தின் உட்சுவர் ஓவியங்களையும் விட்டுவிடாதீர்கள். பெட்டியில் காணும் நீண்ட உடல், சிறு தலை, படிப்படியான பாறைகள் எல்லாம் இந்த ஐகான் மரபின் வழிவந்தவை. கோலிகொவ் வாழ்ந்த வீடும் அருங்காட்சியகம்தான். ஊர் சின்னது, எல்லாவற்றையும் நடந்தே பார்க்கலாம். பனி உருகும் ஏப்ரலில் பக்கத் தெருக்கள் சேறாக இருக்கும். ஹோலுயையும் சேர்த்துப் பார்க்க நினைத்தால் அந்த மாதத்தைத் தவிருங்கள், தேஸா ஆறு பெருகித் தெருவுக்குள் வந்துவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு வெயில் படும் ஜன்னலோரத்திலும் சூடு வரும் இடத்திலும் வைக்காதீர்கள், அரக்கில் மயிரிழை விரிசல் விழும். துடைக்க மென்மையான காய்ந்த துணி போதும். ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் கூடாது. மூடியின் மேல் இன்னொரு பொருளை அடுக்காதீர்கள். விரிசல் விழுந்துவிட்டால் வீட்டு வார்னிஷை எடுத்துத் தடவாமல் அப்படியே விட்டுவிடுங்கள், தடவினால் பின்னால் பழுதுபார்ப்பவருக்கு அதைச் சுரண்டி எடுப்பதே பெரிய வேலை.