மெயின் லைன் அடைத்துக்கொண்டால்: ஆசிட்டா, ஸ்பிரிங்கா, லாரியா?

ஒரு பாத்ரூம் மட்டும் அடைத்தால் அது சின்ன வேலை. மாடியில் ஃப்ளஷ் அழுத்தும்போது கீழ்வீட்டுக் குளியலறைத் தரையின் ஜாலியில் (தண்ணீர் இறங்கும் சல்லடையில்) ‘குளுக் குளுக்’ என்று சத்தம் வந்து, கூடவே கறுப்புத் தண்ணீரும் எழும்பினால், அடைப்பு மெயின் லைனில், அதாவது வீட்டுக் கழிவுநீர் எல்லாம் சேர்ந்து வெளியே போகும் குழாயில். உடனே யாருக்காவது போன் போடத்தான் கை போகும். அதற்கு முன்னால் மோட்டாரை நிறுத்திவிட்டு, மாடிக்காரர்களிடம் குழாயைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வீட்டுக்குள் ஏறுவது பெரும்பாலும் நாமே மேலிருந்து விடும் தண்ணீர்தான்.

அடுத்து, கேட் பக்கத்துச் சேம்பர் (வீட்டுக் கழிவுநீர் தெருக் குழாய்க்குப் போகுமுன் வந்து சேரும் தொட்டி) மூடியைக் கடப்பாரையால் நெம்பி, தள்ளி நின்று பாருங்கள். சேம்பர் காலியாக இருந்தால் அடைப்பு வீட்டுக்கும் சேம்பருக்கும் நடுவில். நிரம்பி நின்றால் சேம்பரைத் தாண்டி எங்கோ. பக்கத்து வீட்டிலும் இதே கதை என்றால் தெருக் குழாயே அடைத்திருக்கிறது. எந்த வழி உதவும், எது காசைக் கரைக்கும் என்பது இதைப் பொறுத்ததுதான்.

ஆசிட்டை முதலிலேயே தள்ளிவிடலாம். “ரெண்டு பாட்டில் ஊத்துங்கண்ணே, எல்லாம் கரைஞ்சிடும்” என்பார் கடைக்காரர். மெயின் லைனில் அடைத்திருப்பது துணியோ நாப்கினோ டயப்பரோ என்றால் எதுவும் கரையாது. ஊற்றிய ஆசிட், தேங்கிய தண்ணீரோடு கலந்து அங்கேயே நிற்கும். அப்புறம் வேலைக்கு வருபவரின் கையிலும் முகத்திலும் தெறிக்கும். ஏற்கெனவே பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் குளோரின் வாயுவே கிளம்பும்.

மிச்சம் குழாய்க்குள் விட்டுக் குத்தும் மூங்கில் பிளாச்சும் (பிளந்த மூங்கில் பட்டை), சுழலும் கம்பிச் சுருளை உள்ளே செலுத்தும் ஸ்பிரிங் மிஷினும். சேம்பர் காலியாக இருக்கும் வீட்டுக்கு இவை இரண்டும்தான் சரியான வழி. பிளாச்சு மலிவு, ஆளும் உடனே கிடைப்பார், நேரான குழாயில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் வளைவில் திரும்பாது. அடைப்பில் ஒரு ஓட்டை போட்டுவிட்டு வெளியே வந்துவிடும். தண்ணீர் சர்ரென்று இறங்குவதைப் பார்த்து நாமும் பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவோம். சில நாளில் அதே ‘குளுக் குளுக்’.

ஸ்பிரிங் மிஷின் வளைவுகளில் சுழன்றுகொண்டே போகும். நுனியில் கொக்கி மாட்டினால் துணியை இழுத்து வரும், கத்தி மாட்டினால் வேரை அறுக்கும். புதுச்சேரியின் பழைய வீடுகளில் பி.வி.சி.க்கு முந்தைய பீங்கான் குழாய்கள் இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றன. அவற்றின் சிமென்ட் இணைப்பில் முடி அளவு விரிசல் இருந்தால் போதும், வாசலில் நிற்கும் வேம்பு உள்ளே வந்துவிடும். மிஷின் இழுத்துவரும் வேரைப் பார்த்தால் பின்னிவிட்ட சடை மாதிரியே இருக்கும், நடுநடுவே சோப்பும் கொழுப்பும் அப்பிக்கொண்டு. அப்படி வேர் வந்தால் வேலை முடியவில்லை. அந்த இணைப்பைத் தோண்டி மாற்றும்வரை அது திரும்ப வளரும். நொறுங்கும் நிலையில் உள்ள பீங்கான் குழாயைக் கத்தி உடைத்துவிடவும் கூடும். அதனால் பழைய வீடு என்பதை மிஷின்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டில் ஒன்று என்றால் என் ஓட்டு மிஷினுக்குத்தான்.

சேம்பர் நிரம்பி நிற்கிறதா? அப்போது போட்டி இரண்டு லாரிகளுக்குள். தனியார் கழிவுநீர் லாரி கூப்பிட்டதும் வந்து சேம்பரை உறிஞ்சிவிடும். பார்க்கத் திருப்தியாக இருக்கும், ஆனால் குழாயில் இருக்கும் அடைப்பு அங்கேயேதான் இருக்கிறது; அடுத்த நாள் மறுபடி நிரம்பும். ராத்திரி ஒன்றைத் தள்ளிவிட உதவும், அவ்வளவுதான். ஜெட்டிங் லாரி வேறு ரகம். அதன் குழாய் நுனி பின்பக்கமாகத் தண்ணீரைப் பீய்ச்சி, அந்த விசையிலேயே முன்னேறி, கசடை மேன்ஹோலுக்குத் தள்ளிக்கொண்டு வரும். புதுச்சேரியில் பாதாளச் சாக்கடையைப் பார்ப்பது பொதுப்பணித் துறை. தெருக் குழாய் அடைப்புக்கு அங்கே புகார் கொடுப்பதே முறை. ஆள் வரத் தாமதமாகலாம், முத்தியால்பேட்டைச் சந்துகளில் லாரி நுழைவதும் கஷ்டம். இருந்தாலும் தெருக் குழாய்க்கு நம் கைக்காசைச் செலவழிப்பதில் அர்த்தமில்லை. ஜெட் ஓடும்போது கழிவறை மூடியை மூடிவையுங்கள். சில வீடுகளில் கோப்பை வழியாகத் தண்ணீர் பீறிடும்.

கடலூரில், செப்டிக் டேங்க் வீடுகளுக்குக் கணக்கு தலைகீழ். அங்கே உறிஞ்சு லாரிதான் சரியான தீர்வு. தமிழ்நாட்டில் அதற்கு 14420 என்ற எண் இருக்கிறது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே நிற்கும்போது டேங்க்கை ஒட்ட உறிஞ்சச் சொல்லாதீர்கள். காலியான பிளாஸ்டிக் டேங்க் மண்ணிலிருந்து மிதந்து எழும்பிவிடும்.

‘ஆளை இறக்கி வாளியில் அள்ளிடலாம் சார்’ என்று யாராவது சொன்னால், அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே கூடாது. மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி அது குற்றம். சாக்கடை மரணங்களுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் உயர்த்தியது. சாக்கடையில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போகும், நாற்றம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வோம். 2024 ஜூனில் புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில் கழிவறை வழியாக வந்த விஷவாயுவால் மூன்று பேர் இறந்தார்கள், வீட்டுக்குள்ளேயே. கோப்பைக்கு அடியில் தண்ணீர் நிற்கும் வளைவு, அதுதான் ட்ராப், அந்த வாயுவைத் தடுப்பதற்கென்றே இருக்கிறது. அடைப்பெடுக்க வந்தவர் ‘இதாலதான் அடைக்குது, எடுத்துடலாம்’ என்றால் விடாதீர்கள்.

ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் 40 செ.மீ.யைத் தாண்டிப் பெய்ததே, அப்படிப்பட்ட மழையில் மேலே சொன்ன எதுவும் எடுபடாது. தெருக் குழாயே நிரம்பி வீட்டுக்குள் திரும்பும்போது மிஷினும் லாரியும் என்ன செய்யும்? கேட் சேம்பருக்குள் தண்ணீரை வெளியே மட்டும் விட்டு, திரும்பி வந்தால் மூடிக்கொள்ளும் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு இருந்தால் தப்பிக்கலாம். அதில் துணி சிக்கினால் மூடாது என்பதால், கை எட்டும் உயரத்தில் வைக்கச் சொல்லி, ஐப்பசி பிறக்குமுன் ஒருமுறை கழுவிவிடுங்கள். மழை விடும்வரை வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது என்பது அதன் விலை.