அளவெடுத்துத் தைத்த தோல் செருப்பு: மூன்று வருடம் போட்டு நடந்த பிறகு

எனக்கு முன்பாதம் அகலம். எட்டாம் நம்பர் வாங்கினால் சுண்டுவிரல் நசுங்கும், ஒன்பது வாங்கினால் குதிகாலுக்குப் பின்னால் செருப்பு நீட்டிக்கொண்டு நிற்கும். அதனால்தான் திண்டுக்கல்லில் கையால் செருப்புத் தைக்கும் ஒரு பெரியவரிடம் போனேன்.

அளவெடுப்பதிலேயே அவர் அனுபவம் தெரிந்துவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டினேன். "நின்னுக்கிட்டுதானே தம்பி நடப்பீங்க, எந்திரிச்சு நில்லுங்க" என்றார். உடம்பு எடை இறங்கினால்தான் பாதம் எவ்வளவு விரிகிறது என்று தெரியும். பென்சிலைச் சாய்க்காமல் பிடித்து இரண்டு காலையும் தனித்தனியாக வரைந்தார். மேல்பாதச் சுற்றளவை டேப்பில் எடுத்தார். சாயங்காலம்தான் வரவேண்டும் என்று சொல்லியிருந்தார். நாளெல்லாம் நடந்த பாதம் லேசாக வீங்கியிருக்கும்; காலையில் எடுத்த அளவுக்குத் தைத்தால் பொழுது சாயும்போது வார் இறுக்கும்.

அடித்தட்டு எருமைத் தோல், வார் மாட்டுத் தோல். இரண்டுமே மரப்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டவை. ஒரு காலத்தில் நம் பக்கம் இதற்கு ஆவாரம் பட்டைதான். இப்போது பெரும்பாலும் வாட்டில் என்ற மரத்தின் பட்டைச் சாறு. தமிழ்நாட்டில் இப்படிப் பதனிடும் தோலுக்கு ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) லெதர் என்ற பெயரில் புவிசார் குறியீடும் உண்டு. கடைகளில் அதிகம் கிடைப்பது குரோமியம் உப்பில் பதனிட்ட தோல். அது முதல் நாளே மெத்தென்று இருக்கும், தண்ணீரையும் ஓரளவு தாங்கும். வெட்டிய ஓரத்தைப் பார்த்தால் பல நேரம் நடுவில் நீலச்சாம்பல் நிறம் தெரியும். பட்டைத் தோல் உள்ளே வரை பழுப்பாக இருக்கும்.

பட்டைத் தோல் ஆரம்பத்தில் விறைப்பு. முதல் சில நாள் குதிகால் பக்கம் கடித்தது. வீட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பழக்கினேன். அப்புறம் என் விரல்கள் அழுந்தும் இடமெல்லாம் தட்டில் பள்ளம் விழுந்து, பாதம் தானாகப் போய் உட்காரத் தொடங்கியது. இந்தச் சுகம் எந்த ஷோரூம் செருப்பிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஒரு வருடம் போனதும் வார் தளர்ந்தது. பெரியவர் தையலைப் பிரித்து, வாரை இழுத்துப் பிடித்து மறுபடி தைத்துக் கொடுத்தார். பின்னர் வெளிப்பக்கக் குதிகால் தேய்ந்தபோது அடியில் ஒட்டியிருந்த ரப்பரை மட்டும் மாற்றினார். நான் இந்தச் செருப்பை இவ்வளவு மெச்சுவது இதற்காகத்தான்: தையலைப் பிரிக்கலாம், தேய்ந்த பாகத்தை மாற்றலாம். பாலியூரித்தேன் அச்சில் வார்த்த சோல் அப்படியில்லை. காற்றிலுள்ள ஈரம் பட்டே அது உள்ளுக்குள் சிதையும். போடாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் ஒருநாள் பொடிப்பொடியாக உதிரும். அதைப் பழுது பார்க்க வழியில்லை.

மழைதான் இதற்கு எதிரி. ஐப்பசி, கார்த்திகையில் நான் ரப்பர் செருப்புக்கு மாறிவிடுவேன். நனைந்துவிட்டால் வெயிலில் வைக்கக் கூடாது, தோல் வெடிக்கும். செய்தித்தாளில் சுற்றி நிழலில் உலர்த்தி, பிறகு துணியில் தொட்ட எண்ணெயை மிக லேசாகத் தடவினால் போதும். அதிகமானால் வார் தொளதொளத்துவிடும். அலமாரியில் மூடி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், காற்றாட வையுங்கள். தோல் சோல் ஈரத் தரையில் வழுக்கும், அதனால் அடியில் ரப்பர் ஒட்டித் தைக்கச் சொல்லிவிடுவது நல்லது. ரப்பர் செருப்பைவிட எடையும் கூடுதல்.

நான் வாங்கியபோது விலை 1,400 ரூபாய். ஷோரூமில் ஒட்டியிருக்கும் விலையை வாய் திறக்காமல் கொடுப்பவர்கள் இவரிடம் நூறு ரூபாய்க்கு மல்லுக்கு நிற்பதைப் பார்த்து மனம் கசந்திருக்கிறேன். தோல், நூல், வாடகை போக அவர் கையில் நிற்பது அந்த நூறுதான். தீபாவளிக்கு முன்பு வேலை குவிந்துவிடும். தை, மாசியில் கொடுத்தால் அவசரமில்லாமல் தைப்பார், மழைக்கு முன்னால் செருப்பும் காலுக்குப் பழகிவிடும்.