தாலிக்கு ஒன்று, மோதிரத்துக்கு ஒன்று

தங்கை மகளுக்குக் கல்யாணம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கடைகளில் மூன்று உலோகங்களுக்கு இடையே ஒரு வாரமாக அலைகிறோம்: 22 காரட், 9 காரட், பிளாட்டினம்.

9 காரட்டைத்தான் இங்கே அதிகம் விற்கிறார்கள். எடையில் 37.5 சதவீதம்தான் தங்கம். மீதி செம்பு, வெள்ளி, கொஞ்சம் துத்தநாகம். மீதி முழுக்கச் செம்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். செம்பின் அணு எடை குறைவு, தங்கத்தின் அணு மூன்று மடங்கு கனம். அணுக்களை எண்ணினால் ஆறில் ஒன்றுதான் தங்கம்! தங்கம் கறுக்காது, கூட்டாளிகள் கறுப்பார்கள். இந்தக் கடற்காற்றும் வியர்வையும் போதும். ஆனால் கெட்டி. பாத்திரம் தேய்க்கிற கைக்கு ஒத்துவரும், விலையும் கட்டுப்படியாகும்.

22 காரட்டில் 91.67 சதவீதம் தங்கம். நம் பவுன் கணக்கும் அதே தரம்தான். 1967 முதல் இந்த நாடு அடிக்கும் க்ரூகர்ராண்ட் காசும் 22 காரட்தான், தங்கத்தோடு செம்பு மட்டும் சேர்த்தது. ஒரு காசின் எடை 33.93 கிராம், அதாவது நாலேகால் பவுனுக்குச் சற்றுக் குறைவு. 22 காரட்டில் உள்ள குறை, அதன் மென்மை. மெல்லிய மோதிரம் நாளடைவில் நெளியும், தேயும். மஞ்சள் கயிற்றில் தொங்குகிற தாலிக்கு அந்தக் கவலை இல்லை. அதனால் தாலி 22 காரட்தான், இதில் எனக்குப் பேச்சே கிடையாது.

மோதிரத்துக்குத்தான் இழுபறி. பிளாட்டினம் இந்த மண்ணின் பொருள். உலகச் சுரங்கங்களில் எடுப்பதில் பெரும்பங்கு இங்கிருந்துதான், 1924இல் புவியியலாளர் மெரென்ஸ்கி கண்டுபிடித்த பாறைப் படுகையும் அதில் சேர்த்தி. தங்கம் 1064 டிகிரியில் உருகும். பிளாட்டினத்துக்கு 1768 டிகிரி வேண்டும். ஆகவே எல்லாப் பட்டறையிலும் வேலை நடக்காது, கூலியும் கூடும். அடர்த்தியும் அதிகம், அதே அளவு மோதிரம் 9 காரட்டைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கனக்கும். கீறல் விழுந்தாலும் உலோகம் ஓரமாக ஒதுங்குமே தவிர அவ்வளவாக உதிராது. கிராம் விலையில் சில வருஷமாகத் தங்கத்துக்குக் கீழேதான் இருக்கிறது.

நான் பிளாட்டினம் பக்கம், கல்யாணப் பெண்ணும் அதே பக்கம். சரி என்று வாங்கி வந்தோம். அத்தை கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, கல்யாணத்துக்கு வெள்ளி மோதிரமா?” என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தென்னமெரிக்க ஆற்றுமணலில் இதைப் பார்த்த ஸ்பானியர்களே ‘சின்ன வெள்ளி’ என்றுதான் பெயர் வைத்தார்கள்.