‘அது’ வந்து நிற்கும் அறை: ‘இவான் இலியிச்சின் மரணம்’ தமிழ்ப் பதிப்பு

டால்ஸ்டாயின் ‘இவான் இலியிச்சின் மரணம்’ குறுநாவலைத் தமிழில் ஒரே இரவில் படித்து முடித்தேன். 1886-இல் வெளிவந்த, 12 அத்தியாயங்களே கொண்ட இந்நூல், 45 வயதில் இறந்துபோகும் ஒரு நீதிபதியின் கதை. சாவைப் பற்றிய நூல் என்றுதான் பலரும் இதைச் சொல்வார்கள். ஆனால், சாவைக் காட்டிலும், சாவு இன்னதென்று தெரியாமையே இதில் வரும் மனிதர்களின் பேச்சையும் நடத்தையையும் வடிவமைக்கிறது என்பது என் வாசிப்பு.

முதல் அத்தியாயத்திலேயே இவான் இலியிச் இறந்துவிட்டார். துக்கம் கேட்க வரும் சக அலுவலர் பியோத்தர் இவானவிச்சுக்கு, சவம் கிடக்கும் அறைக்குள் என்ன செய்வதென்று தெரியவில்லை. சிலுவைக் குறி இட்டால் தவறாகாது என்பது மட்டும் தெரியும்; கூடவே தலைவணங்க வேண்டுமா என்பது தெரியாததால், குறியும் இட்டுக்கொண்டு, வணங்கியும் வணங்காமலும் இருக்கும்படி லேசாகக் குனிகிறார். அரைகுறையான அந்த ஒரு குனிவில் ஒரு மனிதனின் அச்சம் முழுவதையும் டால்ஸ்டாய் காட்டிவிடுகிறார். கணவர் மூன்று நாள் இடைவிடாமல் அலறியதை விதவை சொல்லும்போது, இது எந்த நேரத்திலும் தனக்கும் நேரலாமே என்று அவர் ஒரு கணம் நடுங்குகிறார். நேர்ந்தது இவான் இலியிச்சுக்குத்தான், தனக்கில்லை என்ற எண்ணம் உடனே வந்து அவரைக் காப்பாற்றுகிறது. அங்கிருந்து அவர் நேராகப் போவது சீட்டாட்டத்துக்கு.

நோயாளியான இவான் இலியிச்சின் அச்சம் இப்படி எளிதில் தீர்வதில்லை. திரைச்சீலை மாட்ட ஏணியில் ஏறியபோது தவறி விழுந்து விலாவில் பட்ட அடி, அவரைப் பெயர்பெற்ற மருத்துவர் ஒருவரிடம் கொண்டு சேர்க்கிறது. நோய் சிறுநீரகத்திலா குடல்வாலிலா என்பதில்தான் மருத்துவரின் கவனம் முழுவதும் இருக்கிறது. இது ஆபத்தானதா என்ற நோயாளியின் ஒரே கேள்வியோ பொருத்தமற்றதாக ஒதுக்கப்படுகிறது. தன் முன் நின்ற குற்றவாளிகளைத் தானும் இதே தோரணையில்தான் நடத்தினோம் என்பதை அந்த நீதிபதி அங்கே உணர்கிறார். மருத்துவமனை வரிசையில் அறிக்கையைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவர் எவரும் இந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிட முடியாது.

ஆறாவது அத்தியாயமே நூலின் உச்சம் என்பேன். காயஸ் ஒரு மனிதன், மனிதர்கள் இறப்பவர்கள், ஆகவே காயஸும் இறப்பவன் என்று தர்க்கப் பாடநூலில் படித்தது சரிதான் என்று இவான் இலியிச் ஒப்புக்கொள்கிறார். ஆனால் தான் காயஸ் அல்லவே. சிறு வயதில் தான் அத்தனை விரும்பிய கோடுபோட்ட தோல் பந்தின் வாசனை காயஸுக்குத் தெரியுமா என்று கேட்கிறார். தத்துவம் பொதுவாகச் சொல்லும் உண்மை தனி மனிதனுக்குள் இறங்க மறுக்கும் இடத்தை இந்தப் பந்தின் வாசனையைவிட நுட்பமாகத் தொட்ட வரியை நான் வேறெங்கும் படித்ததில்லை. டால்ஸ்டாய் தாமே 1869-இல் அர்ஸமாஸ் நகரத்து விடுதியொன்றில், காரணம் புரியாத பெரும் திகிலில் ஓர் இரவைக் கழித்தவர். இந்த அத்தியாயம் அனுபவித்தவரின் எழுத்து என்பதில் எனக்கு ஐயமில்லை.

அதே அத்தியாயத்தில், பெயர் சொல்ல முடியாத ஒன்றாக, வெறும் சுட்டுப்பெயராகச் சாவு அவர் எதிரே வந்து நிற்கிறது. ரஷ்ய மொழியில் சாவும் வலியும் பெண்பாற் சொற்கள் என்பதால், அங்கே நிற்பவள் ‘அவள்’. தமிழில் அது ‘அது’ ஆகிறது. பெண்ணுருவின் நிழல் இதனால் மறைந்துபோவது உண்மைதான். ஆனால் வலியையும் சாவையும் ஒரே சொல்லில் பிடிக்கும் மூலத்தின் இரட்டைத்தன்மை நம் அஃறிணையில் அப்படியே நிற்கிறது. உருவமில்லாத அச்சத்துக்கு ‘அது’ இன்னும் பொருத்தமாகவே எனக்குப் படுகிறது.

நூல் முழுவதிலும் இந்த அச்சம் தீண்டாத ஒருவன் பணியாள் கெராசிம். நாம் எல்லோரும் சாகப்போகிறவர்கள்தானே, கொஞ்சம் சிரமப்பட்டால் என்ன என்று இயல்பாகச் சொல்லிவிட்டு, வலி குறைய எசமானரின் கால்களைத் தன் தோள்மேல் தூக்கி வைத்துக்கொள்கிறான். அவனுக்குக் கிடைத்த பரிவு மனைவி பிரஸ்கோவ்யாவுக்குக் கிடைக்கவில்லை என்பது என் மனக்குறை. அவளும் ஏதோ ஒன்றுக்கு அஞ்சித்தான் ஓய்வூதியக் கணக்கைப் பற்றிக்கொண்டிருக்க வேண்டும். அந்த அச்சத்துக்குள் ஆசிரியர் ஒருமுறைகூட நுழைந்து பார்க்கவில்லை.

என்னிடமுள்ள பதிப்பின் மொழிபெயர்ப்பு தெளிவானது. அச்சும் கண்ணை உறுத்தவில்லை. ஆயினும் ஒரே ஆள் இடத்துக்கு ஒரு பெயரில் அழைக்கப்படும் ரஷ்யக் கதைக்குத் தொடக்கத்தில் ஒரு பெயர்ப்பட்டியல் இல்லாததும், காயஸ் யார் என்பதற்கு ஓர் அடிக்குறிப்புகூடத் தராததும் பதிப்பாளரின் கவனக்குறைவு. முதன்முறை படிப்பவர் இதனால் சில பக்கங்கள் தடுமாறக்கூடும்.

இந்நூலை வாங்குபவர்கள் 12-ஆம் அத்தியாயத்தை முடித்த கையோடு முதல் அத்தியாயத்துக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கால வரிசைப்படி கதை முடிவது அங்கேதான். முதல் வாசிப்பில் வெறும் சம்பிரதாயத் தடுமாற்றமாகத் தெரிந்த பியோத்தர் இவானவிச்சின் அரைகுறைக் குனிவை, சவப்பெட்டியில் கிடப்பவர் பட்டதெல்லாம் தெரிந்த பிறகு, நான் கடக்க முடியாமல் வெகுநேரம் அந்தப் பக்கத்திலேயே இருந்தேன்.